டூரிங் பைக்கில் ஃபியூல் கன்ட்ரோலர், த்ராட்டில் பூஸ்டர் மாட்டலாமா?

கேள்வி இதுதான்: "ஆயிரம் சிசி, இரட்டை சிலிண்டர் டூரிங் பைக் வைத்திருக்கிறேன். பின்சீட்டில் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டி. நெடுஞ்சாலையில் அருமையாக ஓடுகிறது. ஆனால் மெதுவாகப் போகும்போதும் வளைவுகளிலும் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி முறுக்கினால் வெட்டி இழுக்கிறது. ஃபியூல் கன்ட்ரோலர் போடு, த்ராட்டில் பூஸ்டர் போடு, சைலன்சரை மாற்று என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதெல்லாம் வண்டியை உண்மையிலேயே மேம்படுத்துமா?"

அந்த வெட்டலை நிச்சயம் குறைக்கலாம். ஆனால் அதற்காகப் புதிதாக எதையும் வாங்க வேண்டியிருக்காது என்பதுதான் என் கணிப்பு. ஃபியூல் கன்ட்ரோலர், அதாவது பெட்ரோல் தெளிப்பைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி, சில வண்டிகளில் நன்றாகவே உதவும், ஆனால் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. கைமுறுக்கைப் பெரிதாக்கிச் சொல்லும் த்ராட்டில் பூஸ்டர் உங்கள் தொல்லையைக் கூட்டத்தான் செய்யும். சைலன்சருக்கும் இந்தத் தொல்லைக்கும் சம்பந்தமே இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரியாமல் ஒவ்வொன்றாக வாங்கி மாட்டி, எதுவும் சரியாகாமல், நல்ல வண்டியை வெறுத்து விற்றுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உங்களுக்கு நடக்கக் கூடாது.

நீண்ட பயணத்தில் இன்ஜினுக்கு எவ்வளவு வேலை என்று முதலில் பார்ப்போம். வண்டி, இரண்டு பேர், பெட்டிகள் எல்லாம் சேர்த்து 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில், எதிர்காற்று இல்லாமல், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்க ஏறக்குறைய 15 குதிரைத்திறன் போதும். 120-க்குப் போனால் 22 முதல் 25 வரை ஆகும். உங்கள் இன்ஜினால் 90, 100 குதிரைத்திறன் தர முடியும். அதில் ஆறில் ஒரு பங்கை வைத்துக்கொண்டுதான் நாள் முழுக்க ஓட்டுகிறீர்கள். த்ராட்டில், அதாவது ஆக்சிலேட்டரை முறுக்கினால் திறக்கும் காற்றுத் தட்டு, பெரும்பாலும் கால்வாசிக்கும் குறைவாகத்தான் திறந்திருக்கும்.

கன்ட்ரோலர் விற்பவர்கள் டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் இயந்திரத்தில்) ஓட்டிய வரைபடத்தைக் காட்டி, 4 குதிரைத்திறன் கூடியிருக்கிறது என்பார்கள். கூடியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரைபடம் த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து எடுத்தது. பெட்டியும் ஆளுமாகப் போகிற ஒருவர் அந்த இடத்துக்கு ஒரு பயணத்தில் எத்தனை முறை போகிறார்? லாரியைத் தாண்டும்போது சில நொடிகள். அதுபோக, ஒரே வண்டியை ஒரே டைனோவில் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை ஓட்டினாலே இன்ஜின் சூட்டையும் காற்றின் வெப்பத்தையும் பொறுத்து இரண்டு மூன்று சதவீதம் வித்தியாசம் வந்துவிடும். டூரிங் பைக்கின் தரத்தை அந்த வரைபடத்தின் உச்சியில் தேடாதீர்கள். மூடிய த்ராட்டில் திறக்கத் தொடங்கும் அந்த முதல் சில டிகிரியில்தான் அது இருக்கிறது. உங்கள் தொல்லையும் அங்கேதான்.

அங்கே என்ன நடக்கிறது? மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேருகின்றன.

நீங்கள் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டதும், ஆர்பிஎம் ஓரளவுக்கு மேல் இருந்தால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். வண்டிதான் இன்ஜினைச் சுற்றுகிறது, எரிபொருள் எதற்கு என்ற கணக்கு. மைலேஜுக்கும் புகைக்கட்டுப்பாட்டுக்கும் அது நல்லதுதான். ஆனால் பெட்ரோல் நின்ற அந்த நேரத்தில், இன்ஜினுக்குள் காற்று போகும் துவாரத்தின் சுவரில் எப்போதும் ஒட்டியிருக்கும் மெல்லிய பெட்ரோல் படலம் காய்ந்துபோகிறது. மறுபடி முறுக்கும்போது இன்ஜெக்டர் தெளிக்கிற பெட்ரோலில் ஒரு பங்கு அந்தச் சுவரை நனைக்கவே போய்விடும். சிலிண்டருக்குள் முதலில் பெட்ரோல் குறைந்த கலவை போகிறது, அடுத்த கணமே சரியான கலவை வந்து சேர்கிறது. இழுவை வழுக்கிக்கொண்டு ஏறாமல் படி ஏறுவதுபோல ஏறுகிறது.

இரண்டாவது, த்ராட்டில் தட்டின் வடிவம். வட்டமான தட்டு ஒன்று குழாய்க்குள் சுழன்று திறக்கிறது. பெரிய இன்ஜினுக்குப் பெரிய குழாய். குறைந்த ஆர்பிஎம்மில் இன்ஜின் குடிக்கும் காற்றோ கொஞ்சம்தான். அதனால் தட்டைச் சிறிதளவு திறந்தாலே அந்த ஆர்பிஎம்முக்கு வேண்டிய காற்றில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடுகிறது. 2,000 ஆர்பிஎம்மில் உங்கள் மணிக்கட்டு ஒரு மில்லிமீட்டர் ஆடுவதும் 6,000-இல் ஒரு மில்லிமீட்டர் ஆடுவதும் ஒன்றல்ல. மேடு பள்ளத்தில் கை தானாகவே அவ்வளவு ஆடும். கை ஆட வண்டி உதறும், வண்டி உதற கை மேலும் ஆடும்.

மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கைப்பிடியிலிருந்து பின்சக்கரம் வரை எத்தனை இடத்தில் தொளதொளப்பு இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். த்ராட்டில் கேபிளில் விளையாட்டு, அதாவது முறுக்கத் தொடங்கியும் எதுவும் நகராத தளர்வு. கியர்களின் பற்களுக்கும் கொக்கிகளுக்கும் நடுவில் இடைவெளி. செயினில் தொய்வு. பின்சக்கரத்துக்குள் செயின் பல்சக்கரத்தைத் தாங்கும் ரப்பர் கட்டைகள், அவை தேய்ந்திருந்தால் அங்கேயும் ஆட்டம். ஆக்சிலேட்டரை விடும்போது இந்தத் தொளதொளப்பெல்லாம் ஒரு பக்கம் சாய்கிறது. மறுபடி முறுக்கும்போது எல்லாம் மறுபக்கம் வந்து, கடைசியில் ஒரே அடியாக இறுகுகிறது. நீங்கள் உணரும் அந்த "டக்" பெரும்பாலும் இதுதான். மேலே சொன்ன படி ஏறுவது போன்ற இழுவை ஒரு சுத்தியல் என்றால், இந்தத் தொளதொளப்பு அந்தச் சுத்தியலை ஓங்குவதற்கான தூரம்.

ஆகவே வேலையை இங்கிருந்து தொடங்குங்கள். செயினில் தொய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்று உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். அந்த அளவுக்கு வையுங்கள். உதறல் போகட்டும் என்று அதற்குமேல் இறுக்கிவிடாதீர்கள். பின்சீட்டில் ஆளும் பெட்டியில் சுமையும் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும். ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் கியர்பாக்ஸின் வெளித்தண்டு பேரிங்கை அது தின்றுவிடும். செயினின் பல இடங்களில் தொய்வை அளந்துபாருங்கள். ஓரிடத்தில் தளர்வாகவும் இன்னோரிடத்தில் இறுக்கமாகவும் இருந்தால் செயினுக்கு ஆயுள் முடிந்துவிட்டது, எந்தச் சரிக்கட்டலும் உதவாது. பின்சக்கரத்தைக் கழற்றுகிற அன்றைக்கு அந்த ரப்பர் கட்டைகளையும் பாருங்கள். கையால் பல்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினால் தொளக்கென்று நகர்ந்தால் மாற்றிவிடுங்கள். ஐந்தாறு வருடம் ஓடிய கனமான வண்டியில் இதை மாற்றியதும் வேறு வண்டியில் ஏறியதுபோல இருக்கும். நான் மிகைப்படுத்தவில்லை.

கேபிள் உள்ள வண்டி என்றால், கைப்பிடியில் விளையாட்டு பெரும்பாலான கையேடுகளில் 2 முதல் 4 மி.மீ. வரை சொல்லியிருக்கும். அதில் குறைந்த அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். வைத்த பிறகு வண்டியை நிறுத்தியபடியே இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப்பாருங்கள். ஆர்பிஎம் சிறிதும் ஏறக் கூடாது. ஏறினால் விளையாட்டு போதவில்லை, அது ஆபத்து. முழுக்கத் திருப்பிய நிலையில் வண்டி தானாக இழுத்துக்கொண்டு போகும்.

அப்புறம் த்ராட்டில் பாடிகளை (அந்தத் தட்டுகள் இருக்கும் குழாய்களை) சமன்செய்வது. டியூனிங் செய்கிறேன் என்று சொல்லும் பலர் இதைத் தொடுவதே இல்லை. உங்கள் வண்டியில் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனித் தட்டு இருந்தால், மூடிய நிலைக்குப் பக்கத்தில் இரண்டும் ஒரே அளவு காற்றை விட வேண்டும். அந்த இடத்தில் திறப்பே மயிரிழை அளவுதான். ஒன்று இன்னொன்றைவிட இன்னொரு மயிரிழை கூடுதலாகத் திறந்தால் ஒரு சிலிண்டர் மற்றதைவிடக் கூடுதலாக உழைக்கும். பாதி திறந்துவிட்டால் அந்த வித்தியாசம் பொருட்டே இல்லாமல் போகும். நெடுஞ்சாலையில் அருமையாகவும் மெதுவாகப் போகும்போது மோசமாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெற்றிட அளவியை இரண்டு துவாரத்திலும் இணைத்து, வித்தியாசத்தைக் கையேடு சொல்லும் எல்லைக்குள் கொண்டுவர வேண்டும். பல இன்ஜின்களில் அந்த எல்லை பாதரச அளவில் 10 மி.மீ. தான். வால்வ் இடைவெளியைச் சரிபார்த்த பிறகே இதைச் செய்ய வேண்டும், வரிசை முக்கியம். என் முதல் பெரிய டூரிங் வண்டியை நான் பல மாதம் உதறலோடே ஓட்டினேன். கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் வால்வைப் பார்த்து, தட்டுகளைச் சமன்செய்து கொடுத்தார். ஒரு பாகம்கூட மாற்றவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வரும் வழியிலேயே எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

இவ்வளவையும் செய்த பிறகும் வெட்டல் மிச்சமிருந்தால் அப்போது பெட்ரோல் கலவையைப் பேசலாம். அது இருக்கவும் கூடும். பெட்ரோல் முழுமையாக எரிய எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். சைலன்சருக்குள் இருக்கும் மூவழி வினையூக்கி இந்த விகிதத்தைச் சுற்றித்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் நிதானமாக ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் புகையை முகர்ந்து சொல்ல, ஈசியூ கலவையை 14.7-ஐ ஒட்டியே வைத்திருக்கும். இதை மூடிய சுற்று என்பார்கள். வேகமாக முறுக்கினாலோ அதிகம் திறந்தாலோ சென்சாரைக் கேட்காமல், தன் நினைவில் உள்ள பெட்ரோல் அளவு அட்டவணையை (மேப்) பார்த்துப் பெட்ரோலைத் தெளிக்கும். அது திறந்த சுற்று. இன்ஜின் அதிகபட்ச இழுவை தருவது 12.5 முதல் 13.2 வரையிலான ரிச் (பெட்ரோல் அதிகமான) கலவையில். 14.7 அதைவிட லீன் (பெட்ரோல் குறைந்த) பக்கம். குறைந்த ஆர்பிஎம்மில், பெரிய சிலிண்டரில், லீன் கலவை சில சமயம் மெதுவாகப் பற்றும், சில சமயம் சரியாகப் பற்றாமலும் போகும். அந்த ஒழுங்கின்மையும் உதறலாக வெளிப்படும். ஒற்றை, இரட்டை சிலிண்டர் பெரிய இன்ஜின்களில் இது அதிகம் தெரியும். நான்கு சிலிண்டர் வண்டிக்காரர்களுக்கு இந்தப் புலம்பலே புரியாது.

இங்கேதான் கன்ட்ரோலர்கள் வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்தாலும் அவை ஒன்றல்ல.

எளிமையானது, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையைச் சொல்லும் சென்சாரை ஏமாற்றும் சிறு பெட்டி. காற்று நிஜத்தைவிட 20 டிகிரி குளிர்ச்சியாக இருப்பதாக ஈசியூவை நம்பவைக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் ஈசியூ 6, 7 சதவீதம் பெட்ரோலைக் கூட்டும். நிதானமாக ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துக் குறைத்துவிடும், ஆக மைலேஜ் பெரிதாக அடிபடாது. முறுக்கும் அந்தக் கணங்களில் மட்டும் கூடுதல் பெட்ரோல் நிற்கும். உங்கள் தொல்லைக்கு இது ஓரளவு பொருந்துகிற யோசனைதான். ஆனால் வெறும் ஒரு ரெசிஸ்டரை மட்டும் வைத்து விற்கிற மலிவான வடிவத்தை வாங்காதீர்கள். உண்மையான வெப்பநிலை என்னவாக இருந்தாலும் அது ஒரே பொய்யைத்தான் சொல்லும். குளிர்ந்த காலையில் ஒருவிதமாகவும் உச்சி வெயிலில் இன்னொருவிதமாகவும் வண்டி ஓடும்.

அடுத்தது ஆக்சிஜன் சென்சாரின் சொல்லையே கொஞ்சம் திருத்துகிற வகை. 14.7-க்குப் பதிலாக 14 அல்லது 13.8 பக்கம் ஓடவைக்கும். நிதான ஓட்டத்திலும் இது வேலை செய்வதால் வண்டி நன்றாகவே மென்மையாகும். பெட்ரோலும் அதற்கேற்பப் போகும்.

மூன்றாவது, இன்ஜெக்டருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் ஒவ்வொரு த்ராட்டில் திறப்புக்கும் எத்தனை சதவீதம் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்ற அட்டவணையோடு வரும் பெட்டி. பவர் கமாண்டர் இந்த வகையில் பெயர் பெற்றது. நல்ல கருவிதான், ஆனால் உங்கள் வண்டிக்கென்று டைனோவில் உட்கார்ந்து, சிறிய திறப்புகளில் பொறுமையாக அட்டவணை போடுகிற ஆள் இருந்தால் மட்டுமே. இணையத்தில் கிடைக்கிற மேப்பை ஏற்றினால், யாரோ ஒருவருடைய சைலன்சருக்கும் ஏர் ஃபில்டருக்கும் போட்ட கணக்கு உங்கள் வண்டியில் ஓடும். டைனோகாரர்களில் பலர் முழுத் திறப்பை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. "5, 10, 20 சதவீதத் திறப்புகளில் எவ்வளவு நேரம் செலவிடுவீர்கள்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் திரும்பிவிடுங்கள்.

நான்காவதாக ஈசியூவின் நினைவையே திருத்தி எழுதுவது, ஃபிளாஷ் என்பார்கள். என் பார்வையில் டூரிங் பைக்குக்குப் பெரிய பலன் தரக்கூடியது இதுதான். காரணம், மேலே சொன்ன அந்தப் பெட்ரோல் நிறுத்தத்தை, அதாவது மூல காரணத்தையே இது தொட முடியும். எந்த ஆர்பிஎம்மில் நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை மென்மையாக்கலாம். கேபிள் இல்லாத மின்னணு த்ராட்டில் வண்டியில், கை முறுக்குவதற்கும் தட்டு திறப்பதற்கும் உள்ள உறவையும் மாற்றலாம். பல வண்டிகளில் ஒலிச் சோதனையில் தேறுவதற்காகக் கீழ் கியர்களில் தட்டு முழுக்கத் திறக்காதபடி தொழிற்சாலையிலேயே கட்டுப்படுத்தியிருப்பார்கள். அதையும் இதில் நீக்க முடியும், ஆனால் சுமையோடு போகிற உங்களுக்கு அது தேவையில்லாத வேலை. ஃபிளாஷுக்குப் பாதகங்களும் உண்டு. வாரண்டி போகலாம். புகைச் சோதனை, காப்பீடு ஆகியவற்றில் உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ஈசியூவைப் புதுப்பித்தால் நீங்கள் எழுதியதெல்லாம் அழிந்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான விலை இருக்கிறது, அது தூரம். 20 லிட்டர் டாங்க், லிட்டருக்கு 20 கி.மீ. என்றால் 400 கி.மீ. போகலாம். கலவையை 14.7-லிருந்து 13.6-க்குக் கொண்டுவந்தால் அதே காற்றுக்கு 8 சதவீதம் பெட்ரோல் கூடும். இழுவை சற்றுக் கூடுவதால் த்ராட்டிலைக் கொஞ்சம் குறைவாகத் திறப்பீர்கள், ஆக முழு 8 சதவீதமும் நட்டம் ஆகாது. ஆனாலும் டாங்குக்கு 20 முதல் 30 கி.மீ. குறையும். ஊருக்குள் ஓட்டுபவருக்கு அது ஒன்றுமில்லை. பெட்ரோல் பங்க் தூரம் தூரமாக இருக்கும் பாதையில், இருட்டுகிற நேரத்தில், பின்சீட்டில் ஒருவரோடு போகும்போது அந்த 30 கி.மீ. பெரிய விஷயம். ரிச்சாக ஓடினால் நல்லது, இன்னும் ரிச்சானால் இன்னும் நல்லது என்ற நினைப்பும் வேண்டாம். அளவு மீறினால் பிளக் கரிபிடிக்கும், பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் கலக்கும், எரியாத பெட்ரோல் வினையூக்கிக்குள் எரிந்து அதையே உருக்கும்.

இன்னொரு செலவைப் பற்றிச் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். நானும் ஒரு கன்ட்ரோலர் மாட்டியிருந்தேன். இரண்டு வருடம் நன்றாகவே இருந்தது. ஒரு மழைப்பயணத்தில், மூன்றாவது நாள், வண்டி ஒரு சிலிண்டரில் ஓடத் தொடங்கியது. சீட்டைத் தூக்கிப்பார்த்தால் கன்ட்ரோலரின் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. தொழிற்சாலைக் கனெக்டர்களில் ரப்பர் சீல் இருக்கும். இதில் இல்லை. நல்லவேளையாக, அதைக் கழற்றிவிட்டுப் பழைய கனெக்டரை நேராக இணைக்க முடிந்தது, அரை மணி நேரத்தில் கிளம்பினேன். வயரை வெட்டி ஒட்டியிருந்தால் அந்த மழையில் அங்கேயே நின்றிருப்போம். அதனால் நீங்கள் எதை மாட்டினாலும் வயரை வெட்டாமல், சொருகிக் கழற்றும் வகையாக இருக்கட்டும். சாலையோரத்தில், கையிலிருக்கும் கருவிகளை மட்டும் வைத்து, பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்று வீட்டிலேயே ஒருமுறை செய்துபாருங்கள்.

சரி, த்ராட்டில் பக்கம் வருவோம். பூஸ்டர் என்று விற்கப்படுவது மின்னணு த்ராட்டில் வண்டிகளுக்கானது. கைப்பிடியில் உள்ள சென்சார் ஈசியூவுக்கு அனுப்பும் சிக்னலை நடுவில் பிடித்துப் பெரிதாக்கி அனுப்பும். நீங்கள் 20 சதவீதம் முறுக்கினால் 40 என்று சொல்லும். முழுக்க முறுக்கும்போது அதே 100தான். ஒரு துளி சக்திகூட கூடாது. கூடிய மாதிரி உணர்வு வரும், ஏனென்றால் எல்லாம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. முதல் சில டிகிரி ஏற்கெனவே கூர்மையாக இருக்கிறது என்பதுதானே உங்கள் புகார்? அதை இது இரண்டு மடங்கு கூர்மையாக்கும். மேலும் அந்த சென்சாரில் பாதுகாப்புக்காக இரண்டு தனித்தனிச் சிக்னல்கள் உண்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஈசியூ இன்ஜினைக் கட்டுப்படுத்தி, வண்டியைத் தவழவிடும். உயிர் தொங்குகிற அந்த இடத்தில் யாரோ செய்த பெட்டியைச் செருக எனக்கு மனம் வராது. உங்கள் வண்டியில் மழை, டூர் என்று மோடுகள் இருந்தால் மென்மையானதைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் ஓட்டிப்பாருங்கள். கேபிள் வண்டி என்றால் கைப்பிடிக்குள் இருக்கும் குழாயை மாற்றலாம். பந்தயக்காரர்கள் சீக்கிரம் திறக்கும் குழாயைப் போடுவார்கள், உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. தொடக்கத்தில் கேபிளை மெதுவாகவும் பிறகு வேகமாகவும் இழுக்கிற வடிவத்தில் குழாய்கள் கிடைக்கின்றன. எளிமையான பொருள், உடைவதற்கு ஒன்றுமில்லை, மழைக்கும் பயமில்லை. த்ராட்டில் மாற்றங்களில் நான் மனமாரப் பரிந்துரைப்பது இது ஒன்றைத்தான்.

நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இன்னொன்று உண்டு, குரூஸ் கன்ட்ரோல். மின்னணு த்ராட்டில் உள்ள சில வண்டிகளில் ஒரு சுவிட்சும் மென்பொருள் மாற்றமும் போதும், அந்த வசதி வந்துவிடும். நான்கு மணி நேரம் ஒரே கோணத்தில் பிடித்து மரத்துப்போன மணிக்கட்டுக்கு அது தரும் நிம்மதியை எந்தக் கன்ட்ரோலரும் தராது.

பழைய கார்புரேட்டர் டூரிங் வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாக ஒன்று. அதில் பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது கால்வாசித் திறப்பு வரை பைலட் ஜெட் என்ற சிறு துளை, கால்வாசியிலிருந்து முக்கால் வரை ஊசி, அதற்குமேல்தான் மெயின் ஜெட் என்ற பெரிய துளை. பயணம் முழுவதும் முதல் இரண்டில்தான் நடக்கிறது. அதனால் பெரிய மெயின் ஜெட் போடுவது வீண். ஊசிக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் வைத்துத் தூக்குவது பல வண்டிகளில் போதுமானது. மலைப்பயணம் போகிறவர்கள் அதிலும் கை அடக்கமாக இருக்க வேண்டும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். கார்புரேட்டர் தானாகவே அங்கே ரிச்சாகிவிடும், கீழே ரிச்சாக வைத்த வண்டி மேலே மூச்சுத்திணறும். ஃபியூல் இன்ஜெக்ஷன் காற்றழுத்தத்தை அளந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

உயர் ஆக்டேன் பெட்ரோல் பற்றியும் கேட்பீர்கள். ஆக்டேன் என்பது பெட்ரோல் அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், அதில் அதிகச் சக்தி ஒளிந்திருக்கவில்லை. கையேடு சொல்லும் எண் போதும். வெட்டலுக்கு அதில் மருந்து கிடையாது. எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு கதை. எத்தனாலில் சக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், எரிவதற்கு வேண்டிய காற்றும் குறைவு. 20 சதவீத எத்தனால் ஊற்றினால், திறந்த சுற்றில் ஈசியூ பழைய கணக்கிலேயே தெளிப்பதால் கலவை லீன் பக்கம் சாயும். எப்போதோ மென்மையாக இருந்த வண்டி பெட்ரோல் மாறிய பிறகு உதறத் தொடங்கினால் இதையும் சந்தேகப்படலாம். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டாங்கில் போடும் மாத்திரை இவற்றுக்கெல்லாம் பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட கருவிகளைச் சோதித்து, அனேகமாக எதிலும் பயனில்லை என்று கண்டது.

சுமையோடு இழுவை குறைவு என்று உணர்ந்தால், கன்ட்ரோலருக்கு முன்னால் முன்புறப் பல்சக்கரத்தை நினைத்துப்பாருங்கள். 17 பல்லை 16 ஆக்கினால் பின்சக்கரத்தில் இழுவை 6 சதவீதம் கூடும். எல்லா கியரிலும், எல்லா ஆர்பிஎம்மிலும். நெடுஞ்சாலையில் ஆர்பிஎம் அதே அளவு ஏறும், பெட்ரோலும் கொஞ்சம் கூடும், சில வண்டிகளில் ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டும். பிடிக்கவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் பழையதை மாட்டிக்கொள்ளலாம். மெதுவான வளைவுகளில் உதறலும் இதனால் குறையும், ஏனென்றால் அதே வேகத்தில் இன்ஜின் கொஞ்சம் உற்சாகமான ஆர்பிஎம்மில் இருக்கும்.

கடைசியாக, எதைத் தொடுவதற்கு முன்பும் மூன்று டாங்க் பெட்ரோலுக்கு மைலேஜைக் குறித்து வையுங்கள். பெரிய சுமையோடு ஒன்று, தனியாக ஒன்று, கலந்து ஒன்று. அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் செயின், ரப்பர் கட்டை, கேபிள், பிறகு வால்வும் தட்டுகளும். ஒவ்வொன்றுக்குப் பிறகும், ஆள்நடமாட்டம் இல்லாத அதே சாலையில், இரண்டாவது கியரில், 2,500 ஆர்பிஎம்மில், ஆக்சிலேட்டரை முழுக்க விட்டு மெல்ல மறுபடி திறந்துபாருங்கள். கட்டைவிரலை சுவிட்ச் பெட்டியின் மேல் ஊன்றிக்கொண்டால் கை ஆடாது, வண்டியின் உதறல் மட்டும் தனியாகத் தெரியும். உங்கள் மனைவியையும் பின்னால் உட்காரவைத்து ஒருமுறை கேளுங்கள். ஹெல்மெட் உங்கள் முதுகில் முட்டுகிறதா இல்லையா என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார்.